விரிசல் இல்லாத தட்டு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் காகிதம். அத்தை வீட்டுக் கண்ணாடித் தட்டை நீ உடைக்கவில்லை. அதன் அடியில் இருப்பது விரிசலே இல்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படி.

அத்தை சின்ன வீட்டுக்கு மாறுகிறாள். அந்தப் பெரிய தட்டையும் ஆறு கிண்ணங்களையும் விற்க வேண்டும், என்ன பெறும் என்று விசாரித்துச் சொல் என்றாள். நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவனுக்குத் தட்டும் தெரியும் என்பது அவள் நினைப்பு. துண்டுகளில் சுற்றி, என் கடைக்குப் பின்தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியிடம் கொண்டுபோனேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை, கிண்ணத்தைக் கவிழ்த்து விளிம்புகளைத் தடவினார். கையால் பட்டை தீட்டியிருந்தால் விரலில் உறுத்துமாம், இது மழுங்கலாக இருக்கிறது, பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடும் தெரிகிறது, ஆக அச்சில் அழுத்திச் செய்தது. அத்தை இத்தனை காலம் பீற்றிக்கொண்ட கைவேலை அங்கேயே காலி. ஆனால் அடி வளையத்தில் பொடிப்பொடிக் கீறல்கள் நாலா திசையிலும் ஓடுகின்றன, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினால் ஒரே பக்கமாக ஓடும், அதனால் நிஜமாகவே பழசுதான், நல்ல விலை போகும் என்றார். நானாகவே, தட்டில் மட்டும் ஒரு விரிசல் உண்டு, என் மகள் ஒன்பது வயதில் கரண்டியைப் போட்டுவிட்டாள் என்றேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, “இது விரிசல் இல்லைங்க. உருகின கண்ணாடியைக் கத்தரியால வெட்டி அச்சுல போடுவாங்க, அந்த வெட்டோட தழும்பு இது” என்றார். நான் நம்பவில்லை. கடைக்கு ஓடி என் லென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். விரிசலென்றால் சாய்க்கும்போது பளிச்சென்று மின்னும், இது மின்னவில்லை. கிண்ணங்களைக் கவிழ்த்தேன், ஆறிலும் நடுவில் அதே கோடு. ஒரு கரண்டி விழுந்து ஏழும் ஒரே இடத்திலா விரியும்? ஊரார் கண்ணாடியில் கீறல் தேடியே பிழைத்தவன், அந்தக் கிண்ணங்களை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அத்தையிடம் சொன்னேன். “விலை ஏறிச்சுல்ல, அது போதும். பழசை ஏன்டா கிளறுற?” என்றாள். போதாது என்றேன். உன்மேல் பழி போட்ட அதே மேசையில், அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுவரை ஏழு உருப்படியும் என் அலமாரியில், சாவி என் சட்டைப்பையில். இரண்டு வாரம் சாக்குப்போக்கு சொன்னாள், நானும் அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். லென்ஸ் கைமாறிக் கைமாறிப் போயிற்று. மாமா வெகுநேரம் பார்த்துவிட்டு, பாவம் அந்தப் பெண் என்று மட்டும் சொன்னார். உன் அம்மா பார்க்கவே மாட்டேன் என்று எழுந்துபோய்விட்டாள், அவள் அன்றே உனக்காகப் பேசியவள். கடைசியாகத்தான் அத்தை பார்த்தாள். தட்டை உனக்கே அனுப்பிவிடுகிறேன் என்றாள், வேண்டாம், விற்றுவிடு, அவளிடம் உன் வாயால் பேசு என்றேன். பேசுவாள், கொஞ்சம் அழுவாள், கேட்டுக்கொள்.

அத்தை பழி சொன்னதோடு சரி. உன்னை விசாரித்தது நான். உன் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் ஒரு கண்ணாடி டம்ளர்கூட இல்லையே, இவ்வளவு கஞ்சத்தனமா என்று கேலி செய்தேன், நீயும் சிரித்து மழுப்பினாய். இப்போது நினைத்தால் கூசுகிறது. தட்டுக்காக உன்னை விசாரித்த அன்றைக்கு “நான் இல்லப்பா” என்று மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் அடித்தேன். நாலாவது தடவை “நான்தான்” என்றாய், உடனே கையை இறக்கினேன். அதோடு விட்டேனா, என் மகள் அடி வாங்கினாலும் கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்தேன், நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதும்கூட. நான் உன்னிடமிருந்து வாங்கியது பொய். நீ உண்மை சொன்னது முதல் மூன்று தடவைதான். தப்பு என்னுடையது, என்னை மன்னித்துவிடு.

இதைப் படித்ததும் போன் செய்து “பரவாயில்லப்பா” என்று சொல்லிவிடாதே. கோபம் இருந்தால் திட்டு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன், குறுக்கே பேச மாட்டேன். கண் பவர் பார்த்து இரண்டு வருஷமாகிறது, மறக்காமல் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும். உன்னை அடித்த அதே கையால்தான் இந்த ஆசியையும் எழுதுகிறேன், ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம்.

அன்புடன்,
அப்பா