மூன்று முதல் பன்னிரண்டு வரை

பெங்களூர், 3 பிப்ரவரி 1958
பல்கலைக்கழகக் கமிட்டி பதினெட்டாம் தேதி வருகிறது. எங்கள் தாவரவியல் பி.எஸ்ஸி.க்கு அங்கீகாரம் நீடிக்குமா என்பது அன்று தெரியும். துறைத்தலைவி நான். மாணவிகள் பதினோரு பேர். மைக்ராஸ்கோப் இரண்டு.

6 பிப்ரவரி
பிரின்சிபால் டோரதி கூப்பிட்டனுப்பினார். "போன தடவை மாதிரி ஆம்பளைங்க காலேஜ்லேர்ந்து பத்து மைக்ராஸ்கோப் இரவல் வாங்கிடலாம். ஒரு நாள்தானே, எல்லாரும் செய்யறதுதான்."

போன தடவை பட்டியலில் 'பன்னிரண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டவள் நான். கருவிகள் போதும் என்று கமிட்டி எழுதிப் போனது. மறுநாளே பத்தும் திரும்பிப் போயின. கமிட்டி எழுதியதைக் காட்டியே நிர்வாகம் ஒன்றரை வருடமாக ஒன்றும் வாங்கவில்லை. என் பொய்யே என் வாயை அடைத்தது.

மாட்டேன் என்றேன்.

7 பிப்ரவரி
மாட்டேன்.

12 பிப்ரவரி
மாணவி பிரிஜெட் கேள்விப்பட்டிருக்கிறாள். "கோர்ஸை மூடிட்டா எங்கப்பா வேற காலேஜுக்கு அனுப்பமாட்டாரு மிஸ். விவேக் நகர்லயே மாப்பிள்ளை ரெடி." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் வீம்புக்கு இவள் பலியா?

17 பிப்ரவரி
என்னைக் கேட்காமலே ஜட்காவில் பத்துப் பெட்டி! அட்டெண்டர் கோவிந்தப்பா தலையைச் சொறிந்தபடி கன்னடம் கலந்து கேட்டார். "எறக்கட்டா, பேடவாம்மா?"

"பேடப்பா, வேண்டாம். அப்படியே திருப்பு."

"குதிரை தண்ணிகூடக் குடிக்கலியே!"

"குடிக்கட்டும். பெட்டி எறங்கக் கூடாது."

டோரதி ஓடி வந்தார். "கோர்ஸ் போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

"நான்தான். எழுதியே தரேன்."

18 பிப்ரவரி
கமிட்டித் தலைவர் பட்டியலைப் பார்த்தார். "போன தடவை பன்னிரண்டு இருந்ததே?"

"பத்து இரவல், சார். கையெழுத்து என்னோடது."

டோரதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டை வெச்சு எப்படிம்மா நடத்தறீங்க?"

"காலைல ஆறு மணியிலேர்ந்து, முறை வெச்சு." பதினோரு ரெக்கார்டு நோட்டையும் மேசைமேல் வைத்தேன். படம் படமாகப் புரட்டினார். என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

29 மார்ச்
உத்தரவு வந்தது. ஓராண்டுக்கு மட்டும் அங்கீகாரம். ஜூலை முடிவதற்குள் பத்து மைக்ராஸ்கோப் சொந்தமாக வாங்காவிட்டால் ரத்து.

இன்னொரு கடிதமும் வந்தது, நிர்வாகத்திடமிருந்து: நான் இனித் துறைத்தலைவி அல்ல. போகட்டும். வகுப்பு என்னிடம்தானே இருக்கிறது?

11 ஜூலை
பத்தும் வந்துவிட்டன. பிரிஜெட் ஒன்றைத் தொடாமலே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு மிஸ் திருப்பி எடுத்துட்டுப் போவாங்க?"

கோவிந்தப்பாவிடம் பெயிண்ட் டப்பாவை வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் நானே எண் போட்டேன். மூன்று முதல் பன்னிரண்டு வரை.