பேபி வாக்ஸ்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

சூப்பர்வைசர் பரீட்சைக்காக நீ எழுதி அனுப்பிய இங்கிலீஷ் வாக்கியங்களில், வினைச்சொல்லுக்கெல்லாம் கோடு போட்டுவிட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை என்ற மிதப்பில், அறையில் கூட இருக்கும் வெல்டரிடம் தாளை நீட்டினேன். படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"யோவ், 'பேபி வாக்ஸ்'னு எழுதியிருக்காங்க. 'வாக்ஸ்'ல கோட்டப் போட்டுட்டு சும்மா உக்காந்திருக்க. உன் பொண்ணு நடக்கிறாய்யா."

எழுந்த வேகத்தில் மேல்கட்டிலில் தலை இடித்துவிட்டது. லேசான வீக்கம்தான், பயப்படாதே. ஆனாலும் உனக்கு இவ்வளவு குசும்பு ஆகாது. பசு புல் தின்பதற்கும் பையன் பந்து உதைப்பதற்கும் நடுவிலா இதைக் கொண்டுபோய் வைப்பாய்?

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவளைத் தாளில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. நிற்காமல் ஓடினால் கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். செருப்புக்கு ஒரு கால் அளவு போதும்தான். நீ இரண்டையும் வரைந்து அனுப்பு.

உன் மக்கு மாணவன்