கயிற்றில் கரையாத பட்டு

நலம் பெருகுக. வெண்சங்குக் கொடியும் ஏழு துறைகளின் காவலும் உடையவரும், செம்பொழில் மாநகரில் கொலுவீற்றிருப்பவரும், பகைவரும் பணிந்து வாழ்த்தும் புகழினருமாகிய பெருமன்னர் மாறவேள் அவர்களின் திருவடிக்கு, தென்கோடி முரஞ்சூரின் துறைக்காவலன் இளநாகன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மாரி பொய்யாது பெய்க; மக்கள் பசியறியாது வாழ்க. முரஞ்சூரில் இவ்விரண்டில் முன்னது மட்டும் நிகழ்ந்தது.

சிப்பிக் கயிறுகள் முந்நூறும் பாழாயின எனக் கேள்வியுற்றுத் தாங்கள் விடுத்த ஆணை வந்து சேர்ந்தது. அழிவுக்குக் காரணமானவர் யாரெனத் தேர்ந்து, அவர் பெயரை என் கையாலேயே எழுதி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்றும், அவரது வலக்கைக் கட்டைவிரல் கொய்யப்படும் என்றும் அதில் கண்டேன். ஆணை கொணர்ந்த வீரர்கள் வந்த அன்றே குளியாள் கொற்றியைப் பிடித்து எங்கள் துறைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். ஆளைப் பிடித்தாயிற்று, இனி நான் பெயரை எழுதினால் போதுமாம்.

கொற்றி கடலடிப் பாறைகளில் மூழ்கிச் சிப்பி பெயர்ப்பவள். ஆனி ஆடி மழையில் சிப்பிகள் சினை விடுவதையும், புரட்டாசியில் பாறையெங்கும் குஞ்சுகள் அரிசிமணியளவில் ஒட்டியிருப்பதையும், ஐப்பசியில் அவை விரல்நகமளவு ஆவதையும் இருபதாண்டுகளாகப் பார்த்தவள். பாறையில் விட்டால் அலை அடித்ததும் நண்டு தின்றதும் போக மிச்சமே மனிதருக்கு. அக்குஞ்சுகளைக் கயிற்றில் கட்டிக் காயலில் தொங்கவிட்டால் சித்திரைக்குள் விரல்நீளம் வளர்ந்து சதைபிடிக்கும் என்று கண்டவள் அவளே. அடுத்த மழையில் நன்னீர் ஏறினால் அத்தனையும் சாகும், ஆகவே வைகாசிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னவளும் அவளே.

முதலாண்டு பன்னிரண்டு கயிறுகள் கட்டினாள். குஞ்சுகள் பற்றும்வரை உதிராதிருக்க, ஊர்ப்பெண்களின் பழம்பருத்திச் சேலைகளைக் கிழித்துக் கயிற்றின்மேல் சுற்றினாள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள்; கசக்கித்தான் கட்டினாள். பத்து நாளில் குஞ்சுகள் தம் நூலைத் தாமே விட்டுக் கயிற்றைப் பற்றின; கந்தல் நைந்து நீரோடு போயிற்று. சித்திரை விருந்தில் தாங்கள் மும்முறை கேட்டு வாங்கி உண்டது அக்கந்தலில் வளர்ந்த சிப்பி.

அதன்பின் தங்கள் கருணை எங்கள்மேல் இறங்கியது. முந்நூறு கயிறுகள் கட்டுக என்றும், மன்னர் பெயரால் நீரில் இறங்கும் கயிற்றுக்குக் கந்தல் சுற்றுவது அரசுக்கு இழுக்கு என்றும் சொல்லி, அரண்மனையிலிருந்து இருபது பொதி பட்டு அனுப்பினீர்கள். கொற்றி அதைத் தடவிப் பார்த்து, இது நல்ல துணி, அதுவே இதன் குற்றம் என்றாள். குஞ்சு பிடித்ததும் சாகத் தெரிந்த துணியே தனக்கு வேண்டும் என்றும், இது தான் சாகாது, உள்ளிருப்பதைச் சாகடிக்கும் என்றும் மன்னருக்கு எழுதுமாறு என்னை வேண்டினாள்.

எழுதினேன். எழுதியதை ஒருமுறை வாசித்தேன். குளியாள் ஒருத்தி அரசப் பட்டைப் பழித்தாள் என்று அவையில் படித்தால் என் பதவி என்னாகுமோ என்று அஞ்சினேன். அந்த ஏட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, பட்டு வந்தது, குடிகள் மகிழ்ந்தனர் என்று வேறோர் ஏடு எழுதி அனுப்பினேன். கொற்றியிடமோ, நீ சொன்னதை எழுதிவிட்டேன், மன்னர் பட்டையே கட்டச் சொல்கிறார் என்று பொய் சொன்னேன். அதன்பிறகே அவள் கட்டினாள்.

மார்கழியில் கயிறுகளை இழுத்தோம். பட்டு புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தது. உள்ளே மூச்சுமுட்டிச் செத்த குஞ்சுகளின் ஓடும் நாற்றமும்தான். முந்நூறு கயிற்றுக்கென்று குஞ்சுகளைச் சுரண்டியெடுத்ததால் பாறைகளும் மொட்டையாகக் கிடக்கின்றன. நாற்பது குடிகளும் பனங்கிழங்கு அவித்துத் தின்கிறார்கள். அதுவும் தையோடு தீரும். வயிறு எரிகிறது, மன்னர்பெருமானே. தங்கள்மேல் பாதி, என்மேல் மீதி.

கொற்றிக்குக் கட்டைவிரல் போனால் சிப்பி பெயர்க்கவும் இயலாது, முடிச்சிடவும் இயலாது. அடுத்த ஐப்பசியில் இத்துறைக்குக் கயிறு கட்டத் தெரிந்த வேறு கை இல்லை. ஆகவே தங்கள் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன். பெட்டியில் கிடந்த அந்த ஏட்டை இத்துடன் கோத்திருக்கிறேன். பட்டில் ஒரு முழமும் வைத்திருக்கிறேன். அலசினால் மீண்டும் உடுத்தலாம். ஒப்பிட்டுப் பார்க்கக் கந்தலும் அனுப்ப எண்ணினேன், அது மிச்சமில்லை.

முரஞ்சூர்த் துறைமுத்திரை இதன்மேல் இடப்பட்டது. இம்முத்திரையின்கீழ் இறுதிக் கட்டளை: சிறைக்காவலர் கொற்றியை இப்பொழுதே விடுவிக்க, அவளுக்குத் தேவையான பழந்துணியை ஊரார் சேர்த்து வைக்க.

ஆணையில் கேட்ட பெயர்: துறைக்காவலன் இளநாகன். அவனே எழுதியது, வலக்கையால்.