பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்புப் பூ

23 மே 1955, திங்கள்
வெயில் விடவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஜினியா கருகல். மே லில்லி முடிந்தது. மாம்பழத்தில் பாதி அணிலுக்கு, கேட்பாரில்லை அதற்கு.

வரும் ஞாயிறு பெந்தெகொஸ்தே. சர்ச்சில் ஆல்டர் மேடைக்குப் பூ வைப்பது இந்தத் தடவை என் முறை. மனைவி மேரி இருந்தவரை அவள் செய்தாள். அவள் போனபின் நான். பரிசுத்த ஆவி அக்கினியாய் இறங்கிய நாள், அன்றைக்குச் சிவப்புதான் வைக்க வேண்டும். கடைப்பூ கூடாது, சொந்த வீட்டுப் பூ. கல்வாழை ஒரு புதர் சிவப்பாக நிற்கிறது. கவலையில்லை.

25, புதன்
காலை மூட்டம். கல்வாழைக்குள் கீச்சுக் குரல். குனிந்து பார்த்தேன். இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு. தையல்சிட்டு. மூன்று குஞ்சு, கண் திறக்கவில்லை. பூத்தண்டெல்லாம் கூட்டைச் சுற்றியே. வெட்டினால் காக்கை கண்ணில் பட்டுவிடும். தோட்டத்தில் வேறு இடமா இல்லை, சனியனுக்கு?

27, வெள்ளி
மாலை கால்மணி மழை. ஓணான் வேலிமேல் தலையாட்டல்.

ரோஜா: வெள்ளை, மஞ்சள் மட்டும். மயில்கொன்றை: ஜாடியில் வைத்ததும் உதிரும். கத்தரியோடு மூன்று தரம் கல்வாழைக்குப் போனேன். மூன்று தரமும் திரும்பினேன்.

பால்காரர் முனியப்பா: "மர்பி டவுன்ல உங்க பொண்ணு வூட்டாண்ட செம்பருத்தி சும்மா கொட்டுது சார்."

பால் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். லீலா ஓர் இந்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம். அந்த வாசலை நான் மிதித்ததில்லை. அவள் கடிதம் போட்டாள், நான் போடவில்லை. வீம்பு.

28, சனி
குஞ்சுகள் கண் திறந்துவிட்டன. தாய்க்கு ஓயாமல் புழு சுமக்கும் வேலை. கத்தரியை எடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சைக்கிளில் மர்பி டவுன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். வாசலில் நின்றதும் "கொஞ்சம் பூ வேணும்" என்றுதான் வாயில் வந்தது. லீலா கதவை அகலத் திறந்தாள். பிறகு, "உள்ள வாங்கப்பா. மொட்டாப் பறிச்சா காலைல விரியும்."

மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறிப் பறித்தார். "நாங்க சாமிக்கு வெக்கிற பூ மாமா. சர்ச்சுல பரவால்லியா?"

"அங்கேயும் சாமிக்குத்தான்."

காப்பி. அரைச் சர்க்கரைதான் எனக்கு, மறக்கவில்லை அவள். இரண்டு வருஷத்தை வீணாக்கினேன், வேறென்ன.

29, ஞாயிறு
மொட்டெல்லாம் விரிந்துவிட்டது. ஆல்டர் நிறையச் சிவப்பு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மாதர் சங்கத் தலைவி, நாலு பேர் கேட்கும்படி: "வாத்தியாரய்யா, உங்க தோட்டத்துல செம்பருத்தியே கெடையாதே. யாரு வீட்டுப் பூ?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என் மகள் வீட்டுப் பூ" என்றேன்.