கூப்பிடும் கை

ஜூன் 3, செவ்வாய்

முதலில் கண்ணில் பட்டது, தம்பியின் இடது கை மடியிலேயே கிடந்ததுதான்.

தம்பி நிமிர்ந்து உட்கார ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த புதுச் சட்டை வந்துவிட்டது. உடம்போடு இறுக்கிப் பிடிக்கிற துணி, கழுத்திலிருந்து தொடை வரை, முன்னால் ஜிப். ஏழு வயசுப் பையனை அதற்குள் நுழைக்க அம்மாவும் நானும் பட்ட பாடு! "வாண்டு நீச்சல் போட்டிக்குக் கிளம்பிட்டான்" என்றார் அப்பா. தம்பியும் சிரித்தான். சாயாமல் உட்கார்ந்து, புரையேறாமல் சாப்பிட்டான்.

அப்புறம் நான் வெளியே போய்விட்டு உள்ளே வந்தபோது, எப்போதும் என்னைக் கூப்பிட எழும் கை எழவில்லை.

ஜூன் 5

இன்றும் கூப்பிடவில்லை.

ஜூன் 9, திங்கள்

தம்பிக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோ அக்காவிடம் கேட்டுவிட்டேன். வாய் வராமல் வாசல்வரை போய், திரும்பி வந்துதான் கேட்டேன். "என்னைப் பார்த்தா கையைத் தூக்கிக் கூப்பிடுவான். இதைப் போட்டதுலேர்ந்து கூப்பிடுறதே இல்ல."

"அது கூப்பிடுறது இல்லம்மா. கதவுச் சத்தம் கேட்டாப் போதும், தசை தானா முறுக்கிக்கும். அவனா தூக்கல. அவனுக்கு அது வலி. அதை அடக்கத்தானே இந்தச் சட்டை."

அப்போ அன்றைக்கெல்லாம்? பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாலே அவன் கை விருட்டென்று எழும். "அக்காவைப் போகாதேங்கிறான் பாரு" என்பாள் அம்மா. "மகாராஜா கையைத் தூக்கிட்டாரு, இனி உன் படிப்பு அவ்வளவுதான்" என்பார் அப்பா. விளையாட்டுக்குச் சொன்னதுதான். எட்டாவதோடு நான் நிஜமாகவே நின்றுவிட்டேன். அம்மா வேலைக்குப் போகணும், யாராவது வீட்டில் இருக்கணும், அதெல்லாம் சரி. ஆனால் நான் நின்றது அவன் கூப்பிட்டான் என்றுதான்.

கதவுச் சத்தத்துக்கா நின்றேன்?

ஜூன் 12, வியாழன்

அம்மா போனதும் ஜிப்பைப் பாதிக்கு இறக்கினேன். தோள் தளர்ந்தது. வெளியே போய், கதவைத் திறந்துகொண்டு வந்தேன்.

கை எழுந்தது. எனக்கு அது போதும் போலிருந்தது.

ஜூன் 13

இன்றும் பாதிதான்.

ஜூன் 16, திங்கள்

ஜிப்பை ஏற்ற மறந்துவிட்டேன்; கழுத்தில் கட்டிய துண்டு அதை மறைத்துவிட்டது. அம்மா வந்து ஊட்டும்போது கை முறுக்கித் தட்டைத் தட்டிவிட்டது. தாடை இறுகி உதட்டைக் கடித்துக்கொண்டான். ரத்தம். "இதைப் போட்டும் இப்படியா? இதுவும் வீண்தானா?" என்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஜிப்பை இறக்கியது நான்தான் என்று சொல்லாமல், தட்டை எடுத்துக் கழுவப் போனேன். வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் சொல்வது எவ்வளவு வசதி— சீ.

ஜூன் 17

கதவைத் திறந்தேன். ஜிப் பாதியில். கை எழுந்தது.

இன்று கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். கை மேலே போகப் போக, தலை சுவர்ப் பக்கம் திருகிக்கொள்கிறது. கண் மட்டும் என்னைத் தேடி இந்தப் பக்கம் வரப் பார்க்கிறது. வர முடியவில்லை. இத்தனை வருஷமும் கையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கை தணிந்ததும் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினேன்.