நாற்காலி வரிசை நடுங்கிய நாள்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், ஏரியில் பனிக்கட்டி விரிசல் விட ஆரம்பித்துவிட்டது, அப்பாவின் முழங்கால் ஏணியில் ஏறாதவரை சொன்னபடி கேட்கிறது. ஹூஸ்டன் வெயிலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பும் மனசும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசையும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா ஓடாது. உன் அம்மா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டாள்! ஆமாம், நீ ஏறிப்போன அதே மஞ்சள் பேருந்துதான். வாங்கியதிலிருந்து அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். மளிகைக் கடையில் பணம் கட்ட அட்டை கேட்டால் அதைத்தான் முதலில் நீட்டுகிறேன், கல்லாவில் இருக்கும் பெண்ணும் பாவம், ஒவ்வொரு முறையும் "ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி, இப்ப மத்த கார்டைக் குடுங்க" என்கிறாள். போட்டோவில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை, ஓட்டும்போது திறந்துதான் வைத்திருப்பேன்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பாய். பள்ளியில் பேருந்துகளைக் கவனித்துக்கொள்ளும் கிளென்டாவைத் தெரியுமே, உன்னை ஒருமுறை பனிப்புயலில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவள். அவள் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போது எழுந்து நின்று, ஓட்டுநர் ஒருவர் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார், யாராவது வாருங்கள் என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து நான் காபி இன்னும் இருக்கிறதா என்று கேட்கக் கையைத் தூக்கினேன். கிளென்டா "அடி என் தங்கமே மார்லிஸ்!" என்று கத்திவிட்டாள், எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். காபிக்குத்தான் தூக்கினேன் என்று சொல்ல வாய் திறந்தேன், ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால் நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறை ஜன்னலில் நின்று அந்தப் பேருந்துகள் வரிசையாகப் புறப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று குதிக்கும், அது அப்பாவுக்கே தெரியாது. எழுத்துத் தேர்வு சுலபமாக முடிந்துவிட்டது. கஷ்டமெல்லாம் அடுத்ததில்தான். தேர்வு வைக்கிறவர் பக்கத்தில் நிற்க, பேருந்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பெயர் சொல்லி, அது எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையில் குறிப்பு எதையும் வைத்துப் பார்க்கக்கூடாது. நான் வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் சுற்றி வந்து பழகினேன். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார், அவரையும் சுற்றினேன். "வளைவு இல்லை, விரிசல் இல்லை, ஒழுகல் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தால் கண்ணைத் திறக்காமலே, "விரிசல் இல்லைங்கறத முழங்கால் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லு" என்றார்.

இவ்வளவு பழகியும் முதல் தடவை என்ன ஆயிற்று தெரியுமா. பிப்ரவரியில் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. தேர்வு வைத்தவர் ஸ்டோல்ப்பி என்கிற அம்மாள், நெட்டையாக, விறைப்பாக, புன்னகைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் போன்ற முகம். பேருந்தின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். கண்ணே, அங்கே இருந்ததெல்லாம் வெறும் இரும்பு. ஒன்றுக்கும் பெயர் இல்லை. ரேடியேட்டரைத் தொட்டுக்கொண்டு "இது வந்து... சூப் சட்டி" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதற்குமேல் மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை, காதில் பழைய பிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல், விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. அந்த அம்மாள் இரண்டு தடவை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "திருமதி ஹாகன், இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நர்ஸ் லைசென்ஸ் தேர்விலிருந்து நீ பாதியில் எழுந்து வந்த அன்று போனில் சொன்னது எனக்குப் புரிந்தது. "கேள்வியெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதும்மா, என்னால பிடிக்க முடியல" என்றாயே. ராத்திரி தூங்காமல் படித்ததால் வந்த மயக்கம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நான் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டுத்தான் போனேன், பிரிட்டா. எறும்புகள் எனக்கும் வந்தன.

அதன்பிறகு கிளென்டாவின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். ஒருநாள் கடையில் அவள் வருவதைப் பார்த்துவிட்டு நாய்த் தீவனம் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் நேராக வந்து, "மார்லிஸ், நாய் வளர்க்கிறியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப வெளிய வா" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது, பயம் தெளிந்ததும் வருகிறேன் என்று சொன்னேன். "பயம் தெளியற வரைக்கும் நான் காத்திருந்தா ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் நடந்துதான் வரணும். நீ பயத்தோடயே வா, பேருந்துல நிறைய இடம் இருக்கு" என்றாள். அங்கேயே நின்றுகொண்டு ஒரு யோசனையும் சொன்னாள். மார்லிஸ், உனக்குப் பாடம் தெரியும், உனக்குத் தெரியாதது ஒருத்தர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது சொல்வது, அதைத்தான் பழக வேண்டும் என்றாள். முறைப்பதற்கு யாரைப் பிடித்தோம் தெரியுமா? நம் நோரீனை! சமையலறையில் என் பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் உருளைக்கிழங்கு உரித்தவள், வாய் ஓயாதவள். தினமும் மதியச் சாப்பாடு பரிமாறி முடிந்ததும் அவள் தன் புருஷனுடைய கறுப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அட்டையும் பேனாவுமாகப் பேருந்துப் பக்கத்தில் வந்து நிற்பாள். முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத. இப்ப நான் நோரீன் இல்ல, அரசாங்கம்" என்றாள். நம்புவாயா, அந்த மேலங்கிக்கு முன்னால் எனக்கு நிஜமாகவே உள்ளங்கை வியர்த்தது! எனக்கே வெட்கம். ஆனால் கிளென்டா விடவில்லை, வியர்க்கட்டும், சொல்லிக்கொண்டே நட என்றாள். நோரீனுக்கு வேஷம் பிடித்துப்போய்விட்டது. நான் டயரைச் சொல்லும்போது பெருமூச்சு விடுவாள், பிரேக்கைச் சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், ஒருநாள் பின்னாலிருந்து தட்டு ஒன்றைக் கீழே போட்டு உடைத்தாள். ஆலங்கட்டி மழையில்கூட வந்து நின்றாள். பயம் ஒருநாளும் வராமல் இருக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அது வருகிற வேகம் குறைந்தது, வந்தாலும் பின்பக்க விளக்குவரை நான் போவதற்குள் அதற்கே சலித்துவிடும். ஒருநாள் முழுச் சுற்றும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அரசாங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுகிறது.

இனிமேல்தான் கூத்து. இரண்டாம் தடவை போன செவ்வாய்க்கிழமை போனேன். அப்பா காரில் கொண்டுபோய் விட்டார், நோரீனுக்குக் கொடுக்க நான் சுட்டு வைத்திருந்த ஓட்ஸ் சாக்லேட் துண்டுகள் ஒரு தட்டு நிறையப் பின்சீட்டில் இருந்தன. உள்ளே காத்திருக்கும் கூடத்தில் ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்திய நாற்காலி வரிசை. ஒரு கோடியில் நான், மறு கோடியில் டுவேன் என்று ஒருவர், பன்றிப் பண்ணைக்காரர், நம் வீட்டுக் கதவில் நுழைய முடியாத அளவுக்கு ஆள், சிமென்ட் லாரி லைசென்ஸுக்கு வந்திருந்தார். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் நாற்காலி தடதடவென்று ஆடுகிறது. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, உங்க கால் ஆடறது இங்க வரைக்கும் வருது" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "நான் நீங்கதான் ஆட்டறீங்கன்னு நினைச்சு மரியாதைக்குப் பேசாம இருந்தேம்மா" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று அவர் இரண்டு கையாலும் தன் முழங்கால்களை அமுக்கிப் பிடித்தார். நாற்காலி ஆடியது. அடுத்து நான் அமுக்கிப் பிடித்தேன். அப்போதும் ஆடியது. பிறகு இருவரும் சேர்ந்து அமுக்கிப் பிடித்தோம், அது நின்றது, நின்றதும் அவர் "அப்பாடா" என்று விட்ட மூச்சில் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது பார், தேவாலயத்தில் வரக்கூடாத நேரத்தில் வருமே, அந்தச் சிரிப்பு! நிறுத்த நிறுத்த வருகிறது. அந்த மலை போன்ற மனிதர் தொப்பியால் கண்ணைத் துடைக்கிறார், எனக்கு விலா வலிக்கிறது. கதவைத் திறந்துகொண்டு அதே ஸ்டோல்ப்பி அம்மாள் வந்து, "இங்க என்ன, கல்யாண வீடா?" என்றார். டுவேன் மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லங்க, ரெண்டு பேருக்கும் செத்துப்போற மாதிரி பயமா இருக்கு" என்றார். அதற்கு மறுபடி சிரித்தோம்.

பேருந்துக்கு முன்னால் போய் நின்றதும் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. முன்பக்கத்தைத் திறந்தால் பழையபடி வெறும் இரும்பு. அதே இரைச்சல் காதில். ஆனால் இந்த முறை கழிவறைப் பக்கம் திரும்பாமல் அவர் முகத்தைப் பார்த்து, "எனக்கு இப்ப எல்லாமே மறந்துபோச்சு. கொஞ்ச நேரம் சும்மா நிக்கலாமா?" என்று கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் பேனாவை மூடிவிட்டு, "நில்லுங்க. பேருந்து எங்கயும் போயிடாது, எனக்கும் வேற வேலை இல்ல" என்றார். நின்றேன். முன்விளக்கு மட்டும் என்னவென்று தெரிந்தது, அதன்மேல் கையை வைத்து, "இது விளக்கு" என்றேன், ஏதோ குழந்தைக்குச் சொல்வது போல. "கண்ணாடி உடையவில்லை" என்றேன். அப்புறம் அதற்குப் பக்கத்தில் இருந்தது, அப்புறம் அதற்கும் பக்கத்தில் இருந்தது. வரிசை தப்பிப் போயிற்று, சிலதை விட்டுவிட்டேன், ஒன்றிரண்டை இருமுறை சொன்னேன், ஆனாலும் பேருந்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டேன், பிரிட்டா! ஓட்டிக் காட்டும்போது கோதுமைக் கிடங்குப் பக்கத்து ரயில் பாதையில், விதிப்படி நிறுத்தி, கதவையும் ஜன்னலையும் திறந்து, ரயில் வருகிறதா என்று காது கொடுத்தேன். மேலே வாத்துக் கூட்டம் வடக்கே போய்க்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் அவ்வளவு அழகாக இருந்தது, நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். ஸ்டோல்ப்பி அம்மாள் தொண்டையைக் கனைத்து, "இன்னிக்கு ரயில் வராதுன்னு நாம ரெண்டு பேரும் ஒத்துக்கலாமா?" என்றார். திரும்பி வந்து பாஸ் என்று சொன்னதும் நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். தந்திக் கம்பம் மாதிரி நின்றார். "இதுக்கு மார்க் கிடையாது" என்றார், ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. வெளியே ஓடி வந்தால் அப்பா காருக்குப் பக்கத்தில் நிற்கிறார், என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார், அது பக்கத்து லாரியின் கூரையில் போய் விழுந்தது. நோரீனுக்கு வைத்த தட்டில் பொடிகூட மிச்சமில்லை. "நீ வர்ற வரைக்கும் கைக்கு ஒரு வேலை வேணும்ல" என்றார். டுவேன் லாரியைப் பின்னால் எடுக்கும்போது அடையாளத்துக்கு வைத்த கூம்பை இடித்து நசுக்கிவிட்டாராம், பாஸாகவில்லை. லாரிக் கூரையிலிருந்து அப்பாவின் தொப்பியை எட்டி எடுத்துக் கொடுத்தது அவர்தான். "அடுத்த மாசம் மறுபடி வரேன், அந்த நாற்காலியை எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், இன்னும் வலிக்கிறது.

நீ மறுபடி எழுதப்போகும் தேர்வு அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை. அதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம் என்று நீ சொன்னதால்தான் எழுதுகிறேன், கடிதத்துக்கு நீ "ம்" கூடப் போட வேண்டியதில்லை. நீ தேறுவாய் என்று நான் எழுதப்போவதில்லை, அது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னால் உன் தலையில் இன்னொரு பாரம். எறும்புகள் வந்தால் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி உள்ளே போகலாமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள், இடைவேளை உண்டு என்று கிளென்டாவின் மருமகள் சொல்கிறாள். உன்னோடு வேலை பார்க்கும் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து முறைக்கச் சொல்லிக் கேள்விகளைப் போட்டுப் பார். உன் ஊரில் நோரீன் மாதிரி ஒருத்தி இல்லாமலா போய்விடுவாள்? காலையில் முட்டையாவது சாப்பிடு, வெறும் காபி வேண்டாம்.

இன்னொரு சேதியும் இருக்கிறது, உட்கார்ந்துகொண்டு படி. உன் தேர்வுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை நானும் அப்பாவும் ஹூஸ்டனுக்கு வருகிறோம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. நீ தேர்வு எழுதினாலும், பாதியில் எழுந்து வந்தாலும், போகாமலே இருந்தாலும் வருகிறோம். இந்த யோசனை என்னுடையது இல்லை, அப்பாவுடையது. அவர் இதுவரை விமானம் ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் ஏறியதில்லை என்றும் தெரியும், உன் அத்தை கல்யாணத்துக்குக்கூட மூன்று நாள் கார் ஓட்டிக்கொண்டு போனவர் அவர். நேற்று கேட்டேன், நிஜமாகவே ஏறிவிடுவீர்களா என்று. "பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் அவ இருக்காளே" என்றார். சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டியில் சட்டைகளை அடுக்கினார், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. விமான நிலையத்தில் முகம் வெளிறித்தான் வருவார். ஏன் என்று கேட்காதே, கையைப் பிடித்துக்கொள், அது போதும்.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாரும் குணமாகட்டும். விமான நிலையத்துக்கு வர மறக்காதே, ஐந்தாம் எண் வாசல், சனிக்கிழமை காலை.

நிறைய முத்தங்களுடன்,
உன் அம்மா
மார்லிஸ்
(அப்பா பக்கத்தில் நின்று, "விமானத்துல ஜன்னல் ஓரம் உனக்கு, எனக்கு வேண்டாம்" என்று என்னிடம் சொல்கிறார்)