கேபிளைப் பிடுங்கிய பிறகும் எழுபத்தெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. நோயாளியின் நாடித்துடிப்பை நர்ஸ் மேசையில் காட்டும் மென்பொருளை எழுதுகிறோம். கருவிக்கும் திரைக்கும் நடுவே வெப்சாக்கெட் என்ற இணைப்பு திறந்தே இருக்கும். தகவல் இரண்டு பக்கமும் போய்வரும். அது அறுந்துபோனால் எங்கள் திரை சொல்லாது. கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சரிசெய்ய இரண்டு வாரம் கேட்டேன்.

"அப்புறம் பாத்துக்கலாம். ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடி வாயத் தொறக்காத" என்றார் மேலாளர்.

மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் விரலில் கருவியை மாட்டிக்கொண்டு, திரையில் எழுபத்தெட்டு வந்ததும் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு கருவியையும் கழற்றி வைத்தேன். திரை எழுபத்தெட்டு என்றே காட்டியது.

தலைமை நர்ஸ் கேட்டார்: "இந்தப் பொண்ணு செத்தே போயிருந்தாலும் எழுபத்தெட்டுதானா?"

அதற்கு மட்டும் வாயைத் திறந்தேன்: "ஆமாங்க."

"அப்ப சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று எழுந்துவிட்டார்.

இரண்டு வாரம் கிடைத்துவிட்டது. மேலாளர் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார். வேலையே போனாலும் தரமாட்டேன்.

அடுத்த முறை அம்மாவைச் சமையலறையிலிருந்தே போன் பேசச் சொல்லுங்கள், பாத்திரச் சத்தம் கேட்க வேண்டும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். மன்னிப்பு எழுத மேலாளர் கொடுத்த தாளில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்